பதினோராவது கேள்வி

கையில் ஒரு டேப்லெட். அதில் ஐந்து முகங்கள்.
பச்சை முகம் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும்,
சிவப்பு முகம் உதட்டைக் கவிழ்த்திருக்கும்,
நடுவில் மூன்று பேர்
எந்தப் பக்கம் சாய்வதென்று காத்திருப்பார்கள்.

டிஸ்சார்ஜ் ஆகிறவர்களை
பில் கவுண்டருக்குப் போகுமுன் பிடித்துவிட வேண்டும்.
போய்வந்த பிறகு பிடித்தால் சிவப்புதான் விழும் என்று
வேலைக்குச் சேர்ந்த அன்றே
மேனேஜர் சொல்லிக் கொடுத்தார்.

இரண்டாம் மாடி, எலும்பு வார்டு.
ஜன்னலைத் திறந்தால் அஞ்சு ரோட்டு ஹாரன்.
மழை பெய்து ஓய்ந்த காலையில் மட்டும்
கட்டடங்களுக்கு மேலே ஏற்காட்டு மலை
அலசிக் காயப்போட்ட மாதிரி தெரியும்.

ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலையில்
மெஷினில் கை மாட்டிக்கொண்ட பாவாயிக்கு
எல்லாமே பச்சை.
சாப்பாடு, பச்சை. படுக்கை விரிப்பு, பச்சை.
கழிவறைக்கும் பச்சையைத் தொட்டாள்.
நாலு நாளாய்க் குழாயில் தண்ணீர் வரலையே அக்கா என்றேன்.
"ஜெயக்கொடிப் புள்ள கீழருந்து வாளியில கொண்டாந்து ஊத்துச்சே.
செவப்பப் போட்டா அவளத்தான கேப்பாங்க?"

ஏசி அறையிலிருந்த செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர்
சிவப்பைத் தொட்டார்.
டி.வி.யில் சேனல் குறைச்சல்.

காலில் கம்பிக்கூடு பூட்டியிருந்த லாரி டிரைவர் மாதப்பன்
ஐந்து முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்,
செக்போஸ்டில் பேப்பரைப் பார்க்கிற ஆள் மாதிரி.
"ராத்திரி ரெண்டு மணிக்கு
எனக்கிருந்த மூஞ்சி இதுல இல்லியே" என்றார்.
மற்றவை என்று ஒரு கட்டம் இருக்கிறது.
அதை அழுத்தினால் திரை உறைந்துவிடும்.

பதினாலாம் கட்டில் தீர்த்தகிரி.
நாகலூர் எஸ்டேட்டில் மிளகு பறிக்க
சில்வர் ஓக்கில் ஏறி, ஏணி சரிந்து,
இடுப்பு எலும்பு உடைந்து வந்தவர்.
இருபத்து மூன்று நாள்.
கேள்வியை மெதுவாகப் படிக்கச் சொன்னார்.
செவிலியர் கனிவாக நடந்துகொண்டார்களா?
"செலின் சிஸ்டருக்குக் கை எப்பவும் ஐசு.
என்னைத் தொடறதுக்கு முன்ன
ரெண்டு உள்ளங்கையும் தேச்சுச் சூடு பண்ணிக்கும்.
நான் தூங்கறேன்னு நெனச்சுக்கிட்டுதான் பண்ணும்."
பச்சையைத் தொட்டேன்.
அது வழக்கம்போலப் பல்லைக் காட்டியது.

பத்து வரைக்கும் வந்துவிட்டோம்.
பதினொன்றுக்கு முகங்கள் கிடையாது,
ஆம், இல்லை, இரண்டே கட்டம்.
உங்கள் உற்றார் உறவினருக்கு
எங்கள் மருத்துவமனையைப் பரிந்துரைப்பீர்களா?

நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.
விளக்கு வைக்கிற நேரத்தில்
ஆகாத வார்த்தை சொல்லிவிட்டவளைப் போல
என்னைப் பார்த்தார்.
"நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க, கொறையே இல்ல.
அதுக்காக, வேண்டியவங்கள
ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு யாராச்சும் கூப்புடுவாங்களா தாயி?
எதிரிக்கும் வேணாம். இல்லைன்னு போடு."
போட்டேன்.

சாயங்காலம் மேனேஜர் அறையில்
பதினாலாம் கட்டில் மட்டும் சிவப்பாய் எரிந்தது.
அதிருப்தி. உடனே போன் செய்து காரணம் கேள்.

மூன்று முறை எல்லைக்கு வெளியே.
பஸ் எந்தக் கொண்டை ஊசி வளைவில் திணறிக்கொண்டிருந்ததோ,
வாக்கரைப் படியோரம் வைக்க
கண்டக்டர் இடம் கொடுத்தாரோ என்னவோ.
நாலாவது முறை எடுத்தார்.
நான் வாய் திறக்குமுன்
பக்கத்தில் யாரிடமோ சத்தமாகச் சொன்னார்:
"ஆஸ்பத்திரியிலருந்து.
நல்லபடியா வந்து சேந்தனான்னு கேக்கறாங்க."
அப்புறம் என்னிடம், "சேந்துட்டேன் தாயி.
இங்க குளிருதான் கொஞ்சம்."

ஆமாங்கய்யா, அதைத்தான் கேட்கக் கூப்பிட்டேன் என்றேன்.

அதிருப்திக்கான காரணம் என்ற கட்டத்தை
வெறுமனே விட முடியாது,
பத்து எழுத்தாவது அடித்தால்தான் அடுத்த பக்கம் போகும்.
வீடு சேர்ந்துவிட்டார், என்று அடித்தேன்.
விரல்விட்டு எண்ணினேன்.
சரியாகப் பத்து.